ஹாய்ட்டும் டிவி கேமராவும்

லாஸ் வேகஸில் போக்கர் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி தொடங்கிய முதல் வருஷம், யார் சாம்பியன் என்று ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அது யாருக்கும் ருசிக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஒருவன் மிஞ்சும்வரை ஆட்டம் என்றானது. பிறகு டிவி கேமராக்கள் வந்தன. அங்கேதான் என் நண்பன் ஹாய்ட் லாட்டிமருக்குச் சிக்கல்.

ஹாய்ட்டும் நானும் டெக்சாஸ் முழுக்கக் காரில் அலைந்து சீட்டாடியவர்கள். கடைகளின் பின்னறையில், ஒரு காதைக் கதவின் மேலேயே வைத்து ஆடுவோம். போலீஸும் வரும், துப்பாக்கியோடு கொள்ளைக்காரனும் வருவான். ஊரில் ஹாய்ட்டின் மாமனார் ஆம்புரோஸ் கீல் பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர். அவரிடம், எண்ணெய்க் கிணறுகளுக்குப் பம்ப் விற்பதாகச் சொல்லி வைத்திருந்தான். உண்மை தெரிந்த அவன் மனைவி வெல்மாவும் அதையே சொல்லிவந்தாள்.

அந்த வருஷம் நான் முதல் நாளே தோற்று வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன். ஹாய்ட்டோ கடைசி மூவரில் ஒருவன். கேமராவை மேசைக்கு அருகே நகர்த்தினார்கள். அவன் எழுந்து என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போனான்.

"எல்டன், மாமா தினமும் நியூஸ் பாப்பாருடா. நான் தொலைஞ்சேன்."

"தொப்பிய இறக்கி விட்டுக்கோ."

"இந்த மூக்க எங்க கொண்டுபோய் மறைக்க? தோத்துட்டு வந்துடறேன்."

போனவன், சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். அவனுக்கு வந்து சேர்ந்ததோ மூன்று ஒன்பதுகள். எதிரே இருந்தவர் தோற்று எழுந்து போனார். கூட்டம் கைதட்டியது. கேமரா அவன் முகத்துக்கே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் நிஜமாகவே ஆடினான். கடைசி ஆட்டத்தில் அவனிடம் இரண்டு ராஜா, எதிராளியிடம் இரண்டு ஏழு. மொத்தமும் நடுவில். மேசை நடுவே இருவருக்கும் பொதுவாக விரித்த கடைசிச் சீட்டு ஏழாக விழுந்தது; எதிராளிக்கு மூன்று ஏழாகிவிட்டது. ஹாய்ட்டுக்கு இரண்டாம் இடம்.

சாயங்காலச் செய்தியில் அந்தக் கடைசி ஆட்டத்தை முழுசாகக் காட்டினார்கள். ஹாய்ட் விடுதி போனில் வீட்டுக்குப் பேசினான். நான் அவன் தோளோடு ஒட்டி, போனருகே காதை வைத்துக்கொண்டேன். எடுத்தது வெல்மா இல்லை.

"மாப்ளே," என்றார் பாஸ்டர்.

ஹாய்ட் நிமிர்ந்து நின்றான்.

"பம்ப் விக்கிறவன் நகத்துல ஒரு நாளாவது எண்ணெய்க் கறை இருக்கணுமா இல்லையா? எனக்கு அப்பவே சந்தேகம்."

"மாமா, நான்..."

"பேசாத. இத்தனை வருஷமும் நீ வேற ஊர்ல இன்னொரு குடும்பம் வச்சிருக்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். எம் பொண்ணுக்காக முழங்கால் தேய ஜெபம் பண்ணினேன். கடைசில வெறும் சீட்டாட்டமாடா?" அவர் குரல் உடைந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"சீட்டு மட்டும்தான் மாமா. சத்தியமா."

"சத்தியம் பண்ணாத. சீட்டு பாவம். அத ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பேசறேன், முதல் பெஞ்சுல வந்து உக்காரு." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு ராஜாவ வச்சுக்கிட்டு யாருதான் விடுவா? நீ ஆடினது சரிதான்."

போனை வைத்துவிட்டு ஹாய்ட் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். மூன்று நாளாகக் காபியைத் தவிர எதையும் தொடாதவன், "பசிக்குதுடா," என்றான். பெரிய மாட்டிறைச்சித் துண்டாக வரவழைத்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, விடுதி உணவறையில் தெரு பார்த்த கண்ணாடியோரம் உட்கார்ந்து சாப்பிட்டான்.