ஸ்கொயர் லெக்கில் ஒரு சீரியல்

ஞாயிறு மாலையானால் கவரைப்பேட்டையில் சாம்சன் வீட்டு மாடியிலிருந்து நானும் அவனும் யூடியூபில் லைவ் போடுவோம். கிரிக்கெட் பேச உட்கார்ந்து, பிரியாணி, கல்யாணம், சினிமா என்று எங்கேயோ போய் நிற்போம். அன்று எங்கள் பின்னால் போன வாரம் ஜெயித்த கோப்பை பளபளத்தது.

ஊத்துக்கோட்டை அணியினர் கமெண்டில் விடாமல் சண்டை போட்டார்கள். ஜெயித்த அந்தக் கடைசி ரன்னில் நான் ரன் அவுட்டாம். எங்கள் பக்கத்து மேட்ச்களில் பேட்டிங் அணி ஆளே அம்பயராக நிற்பான். அந்த மேட்சில் ரன் அவுட் பார்க்க ஸ்கொயர் லெக்கில் நின்றவன் சாம்சன்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்பா. இந்த மோகன்ராஜ் பேட்டு கோட்டுக்கு உள்ளதான் இருந்துச்சு," என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"அத்த வுடு. மெர்சி கூட உக்காந்துகினு நீயும் சீரியல் பாக்கிறியாமே?"

"சேச்சே! பொண்டாட்டிதான் பாக்கிறா. எனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?"

"போன வாரம் அந்த சீரியல் பொண்ணு டைவர்ஸ்ல கையெழுத்து போட்டுட்டாளாம்."

சாம்சனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாது? போடவே இல்ல! பேனாவ எடுக்க சொல்லோ மாமியார் மயங்கி வுழுந்துட்டாங்க. நானே போன்ல பாத்துக்கினு இருந்தேன், கரெக்டா அப்பதான் இவனுங்க 'அவுட்டு'ன்னு கத்துறானுங்க."

கமெண்டில் ஊத்துக்கோட்டை கேப்டன் எழுதினான்: "கப்ப நீங்க எடுத்துகினு வரீங்களா, நாங்க வரட்டுமா?"

சாம்சன் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கையைப் பின்னால் நீட்டி, கோப்பையின் மேல் துண்டைப் போட்டு மூடினான். அதுவும் லைவில்.