தொப்பிக்குள் மூன்று உருப்படிகள்

அந்தத் தேசியப் பூங்காவில் மிருகங்களைக் கவனிக்க ஒரு படையே இருந்தது. பழம்பொருட்களைக் கவனிக்க ஒரு மேடமும் ஒரு பீரோவும்தான். மூன்றாவதாக வந்து சேர்ந்தவள் பயிற்சிக்கு வந்த பெண். வேதியியல் பட்டதாரி. பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்திலேயே குரல் தொண்டைக்குள் திரும்பிவிடும். முதல் நாள் பெயரையும் அப்படித்தான் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. "சரி பயிற்சி, உள்ள வா" என்றார் மேடம். அதுவே பெயராகிவிட்டது.

பூங்காவின் முதல் காவலர் குடியிருந்த ஒற்றை அறை மரவீடுதான் மேடத்தின் ராஜ்யம். கட்டில், விளக்கு, பூட்ஸ், தொப்பி. எல்லாவற்றுக்கும் எண் உண்டு. சுவரில் இருந்த துருப்பிடித்த ஆணிக்கு ஓர் எண். பக்கத்தில் ஆணி விழுந்துபோன ஓட்டைக்கும் ஓர் எண். எண் வாங்கிய பொருள் யாராவது ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும். அவர் கிளம்பும்போது ஒவ்வொன்றையும் கண்ணால் காட்டி ஒப்படைத்தால்தான் விடுவிப்புக் கடிதம். அந்தக் கடிதத்தோடு வந்தால் வேலை என்று நகரத்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் பயிற்சியிடம் சொல்லியிருந்தது. தண்ணீர் பேசாது. அதனாலேயே அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அவள் பொறுப்பில் வந்தது தொப்பி, எண் 41. மெல்லிய தூரிகையால் பூஞ்சையைத் தட்டி எடுத்தாள். விளிம்பு வளையாமல் இருக்க மல்லாக்க வைத்து, காற்றாட ஜன்னலைத் திறந்துவிட்டாள். எல்லாம் முறைப்படிதான். ஒரு விடுமுறை கழித்து வந்து பார்த்தால் தொப்பிக்குள் வேரும் நாரும் மயிருமாக ஒரு கூடு. கூட்டுக்குள் மூன்று முட்டை. ஜன்னல் கட்டையில் ஒரு வாலாட்டிக் குருவி நின்று, வீட்டுக்காரி மாதிரி அவளை முறைத்தது.

செய்தி ரேஞ்சருக்குப் போனது. அவர் வனவிலங்குப் பிரிவு. மேடத்துக்குச் சம்பந்தியும் அவர்தான். மேடத்தின் மகளைத்தான் அவர் மகனுக்குக் கட்டியிருந்தது. அதனால் இருவரும் சண்டை போட்டாலும் குரலில் சர்க்கரை குறையாது.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க குருவியக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா?"

"ஐயோ சம்பந்தியம்மா, நீங்க கேட்டு இல்லன்னு சொல்வேனா? ஆனா கூட்டத் தொட்டா சட்டப்படி குத்தம். நீங்க தொப்பிய எடுத்துக்கங்களேன்."

"கூடு இல்லாம எடுக்க முடியுமா?"

"கூட்டோட எடுக்கக் கூடாதே."

இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவரும் பயிற்சியைப் பார்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவளுக்கு அன்று புரிந்தது.

மேடம் ஒரு முடிவுக்கு வந்தார். "பழம்பொருளுக்குள்ள இருக்கறதும் பழம்பொருள்தான். எண் போடு."

"மேடம், அது முட்டை..." என்ற பயிற்சியின் மீதி வாக்கியம் உள்ளே போய்விட்டது.

முட்டையின் மேல் எழுத ரேஞ்சர் விடவில்லை. எனவே ஜன்னல் கட்டையில் மூன்று சின்ன அட்டைகள் வைக்கப்பட்டன: 41-அ, 41-ஆ, 41-இ. பொறுப்பு: பயிற்சி. தினமும் நிலை எழுத வேண்டும். அவள் எழுதினாள்: 'பழுப்புப் புள்ளிகள். விரிசல் இல்லை.'

ஒரு காலையில் விரிசல் இருந்தது. மத்தியானம் முட்டையே இல்லை. கண் திறக்காத மூன்று சதைத் துண்டுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"முட்டை எங்க?" என்றார் மேடம்.

"பொரிஞ்சிடுச்சு மேடம்."

"யாரக் கேட்டு?"

பயிற்சி குருவியைப் பார்த்தாள். குருவி வாலை ஆட்டியது.

"உன் பொறுப்புல இருக்கும்போது மூணு பொருள் உருமாறியிருக்கு. ஆணி இத்தன வருஷமா ஆணியாவே இருக்கு பாத்தியா?" மேடம் பெருமூச்சு விட்டார். "போகட்டும். அந்த எண்ணயே அதுங்களுக்கு மாத்திக்கலாம்."

எண்கள் வளர்ந்தன. இறகுகள் முளைத்தன. 41-ஆ விளக்கின் மேல் எச்சமிட்டது. அதற்கும் மேடம் எண் கேட்பாரோ என்று பயந்து பயிற்சி அவசரமாகத் துடைத்தாள். பயிற்சிக் காலத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள் மூன்று உருப்படிகளும் ஜன்னல் கட்டைக்கு வந்து, ஒன்றையொன்று தள்ளி, பறந்துபோயின.

"திரும்ப வரட்டும். வந்ததும் ஒப்படைச்சிட்டு நீ கிளம்பலாம்" என்றார் மேடம். குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பயிற்சி ரேஞ்சரிடம் ஓடினாள்.

"பிடிக்கலாமா சார்?"

"பிடிச்சா உன் மேல நானே கேஸ் போடணும்மா. நல்ல பொண்ணு வேற நீ."

அன்று அம்மா போனில் கத்தினாள். "திங்கக்கிழமை வேலைல சேரணும்டி! ஊர்ல எல்லாரும் வேலைய விட்டு வரும்போது சம்பளப் பாக்கிக்குக் காத்திருப்பாங்க, நீ குருவிக்குக் காத்திருக்கியா?"

"அது வந்து..."

"அது வந்தா எனக்கு என்ன, நீ வாடி!"

வெள்ளிக்கிழமை காலை பயிற்சி பையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இரவெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"மேடம், உருப்படிகளக் காட்டறேன். வாங்க."

வாக்கியம் முழுசாக வெளியே வந்ததில் அவளே திடுக்கிட்டாள். மேடம் வந்தார். வேடிக்கை பார்க்க ரேஞ்சரும் வந்தார். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஒழுகும் ஈரத்தில் வாலாட்டிக் குருவிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அதோ. அ. அதுக்குப் பக்கத்துல ஆ. கல்லு மேல இ."

"இதுதான் அதுன்னு எப்படிச் சொல்ற?"

பயிற்சியின் காது சிவந்தது. "அது இல்லன்னு நீங்க எப்படிச் சொல்வீங்க மேடம்? எண் அட்டைலதான இருக்கு. குருவி மேல எழுதலையே."

ரேஞ்சர் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவர் கைதேர்ந்தவர்.

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நியாயமானவர், பதில் இல்லாத கேள்வியை மதிப்பவர். "நிலை?"

"நல்ல நிலை."

"வால் ஆடுதே. சேதமா?"

"இல்ல சம்பந்தியம்மா, அது அதோட சுபாவம்" என்றார் ரேஞ்சர்.

மேடம் பேனாவைத் திறந்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு, விடுவிப்புக் கடிதத்தைக் கொடுத்தார். பயிற்சி அதை மடிக்கக்கூட இல்லை. அப்படியே பைக்குள் திணித்தாள்.

"இரு" என்றார் மேடம். ஒரு விரலால் தரையை எண்ணினார். "அஞ்சு இருக்கே. மூணு நம்மளுது. அந்த ரெண்டும் இத்தன நாளா எண் இல்லாமயா சுத்துதுங்க? பயிற்சி, நீ..."

"என்னைய விடுவிச்சுட்டீங்க மேடம். அதுங்க மூணும் இப்ப உங்க பொறுப்பு. புதுசு ரெண்டுக்கு வேற ஆள்தான் பாக்கணும்." ஒரே மூச்சில் மூன்று வாக்கியம். எதுவும் தொண்டைக்குத் திரும்பவில்லை.

மேடம் மெல்லத் திரும்பினார். முகத்தில் கல்யாணப் பேச்சு நடந்தபோது இருந்த அதே புன்னகை.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது..."

பயிற்சி வாசலை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் எண் போட்டுவிடுவார்கள். கேட்டைத் தாண்டும்போது பின்னால் ரேஞ்சரின் குரல் குருவிகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் அசையாம நில்லுங்கம்மா. சம்பந்தியம்மா எண்ணுறாங்க."