நார்மனின் இடது கை

“தொப்பி வேண்டாமே நார்மன். கையில எதுவும் இல்லாம இருந்தா நல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டு டொமினிக் கேமராவின் பக்கம் போய்விட்டான். டைரக்டர் அவன், அவனுக்கு அது வெறும் தொப்பி. நார்மன் பிக்கர்ஸ்கில் அதைக் கழற்றி, உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கொடுத்தார். பிறகு சமையலறை மேசையருகே உட்கார்ந்து இடது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். நான் எழுதுவதை விட்டுவிட்டு அந்தக் கை இருந்த இடத்தையே பார்த்தேன்.

நான் கன்டினியூட்டி பார்ப்பவள். ஒரே காட்சியை முதலில் தூரத்திலிருந்தும் பிறகு கிட்டத்திலிருந்தும் எடுப்பார்கள். முதல் முறை நடிகர் எந்தக் கையால் கோப்பையைத் தூக்கினார், எந்த வார்த்தையில் கீழே வைத்தார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருந்து, மறுமுறையும் அதையே செய்யவைக்க வேண்டும். வீட்டிலும் நான் இப்படித்தான் என்று சொல்லித்தான் என் கணவர் பிரிந்து போனார். போகும்போது எந்தக் கோட்டு, எத்தனை பித்தான் போட்டிருந்தார் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. போகட்டும்.

இந்த நாட்டில் டிவி வைத்திருக்கிற எல்லோரும் நார்மனைப் பார்த்திருக்கிறார்கள். பெயர்தான் ஒருவருக்கும் தெரியாது. பாதிரியார், பட்லர், பிணத்தை முதலில் கண்டுபிடிக்கிற தோட்டக்காரர், ‘ஐயா, அன்னிக்கு ராத்திரி அவர் இங்க வரலை’ என்று பொய் சொல்கிற விடுதிக்காரர், எல்லாம் அவர்தான். லீட்ஸ் சந்தையில் ஒரு அம்மாள் அவரை மறித்து, நீ விற்ற கம்பளம் சாயம் போகிறது என்று சண்டைக்கு வந்திருக்கிறாள். எங்கேயோ பார்த்திருக்கிறேனே, எங்கள் பல் டாக்டர்தானே என்று கேட்பவர்களுக்குக் கணக்கே இல்லை. அவரும் பொறுமையாக, இல்லையம்மா, நான் நடிகன் என்பார். உடனே அவர்கள் முகம் தொங்கிப்போகும், பல் டாக்டராகவே இருந்திருக்கலாம் என்பதுபோல.

எழுபது வயதுக்கு மேல்தான் அவருக்கு நிலையான வேஷம் ஒன்று கிடைத்தது. எங்கள் துப்பறியும் தொடரில் இன்ஸ்பெக்டரம்மாவின் அப்பா. வாரத்துக்கு இரண்டு காட்சி, பெரும்பாலும் தேநீர் குடிப்பதும் மகளைக் கடிந்துகொள்வதும்தான். ஆனால் ஊரே அவருக்காகப் பார்த்தது.

போன குளிர்காலத்திலேயே கவனித்துவிட்டேன். இடது கை சும்மா இருப்பதே இல்லை. தொப்பியைப் பிடித்திருக்கும், செய்தித்தாளை மடிக்கும், பாக்கெட்டுக்குள் போகும். மனுஷர் கையை வைத்து என்னமாய் நடிக்கிறார் என்று எல்லோரும் மெச்சினார்கள். நடிப்பா அது? ஒளித்துவைப்பு. அன்று காலை சாப்பாட்டு பஸ்ஸில் வைத்து அவரே ஆரம்பித்தார். பழைய மாடி பஸ்ஸில் மேசைகள் போட்டு எங்களுக்குச் சாப்பாட்டுக் கூடமாக்கியிருப்பார்கள். மழை நாளில் வறுத்த பன்றி இறைச்சியும் ஈரக் கோட்டும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும்.

“நீ பாத்துட்ட, இல்ல கிளெனிஸ்?”

“என் பொழப்பே அதுதானே.”

டாக்டர் வசந்த காலத்திலேயே சொல்லிவிட்டாராம், பார்க்கின்சன் என்று. தங்கைக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனியின் காதுக்குப் போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்த வருஷத்து ஒப்பந்தம் இன்னும் கைக்கு வரவில்லை. கதையில் அப்பாவை ஒரே வரியில் கொன்றுவிட்டு, மகளுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட எத்தனை நேரம் ஆகும்? வீட்டில் நிம்மதியாக இருக்கலாமே என்று எதையோ சொல்லிவைத்தேன். அவர் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நாப்பது வருஷமா யாராரோவா இருந்துட்டேன் கண்ணு. வீட்டுக்குப் போனா நான் ஒருத்தன்தான் இருப்பேன். அவன எனக்கு அவ்வளவா பழக்கமில்ல.”

இப்போது தொப்பியும் போயிற்று. காட்சியோ லேசானதல்ல. உங்கம்மா வாழ்ந்த இந்த வீட்டை விற்கப் போகிறேன், முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்று அப்பா மகளிடம் சொல்ல வேண்டும். மகளாக நடிக்கும் ஜோசி எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கையும் மேசைமேல் இருக்கட்டும் என்றான் டொமினிக். தூரத்துக் காட்சி ஓட ஆரம்பித்தது. பாதிவரை கை கல்லாக இருந்தது. நானும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘உங்கம்மா’ என்ற வார்த்தை வந்ததும் பெருவிரல் ஆடியது. பிறகு கை முழுக்க. சாசரில் இருந்த கரண்டி கிணுகிணுவென்று சத்தம் போட்டது. ஒலிப்பதிவுக்காரர் தலையை நிமிர்த்தினார். ஜோசி அந்தக் கையையே பார்த்தபடி தன் வசனத்தை மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள். நார்மன் நிறுத்தாமல் கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்தார்.

டொமினிக் கட் சொன்னான். நார்மன் என்னைத்தான் பார்த்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம். பாவம், அந்த முகத்தை எந்த வேஷத்திலும் நான் பார்த்ததில்லை. டொமினிக் மெதுவாகத் திரும்பி, என்ன அது என்று என்னைத்தான் கேட்டான். சந்தேகம் வந்தால் எல்லோரும் என்னிடம்தானே கேட்பார்கள்.

“இடது கை. ‘உங்கம்மா’ல ஆரம்பிச்சது, கடைசிவரைக்கும் இருந்தது” என்றேன். “க்ளோசப்லயும் அதே எடத்துல வரணும். இல்லன்னா ஒட்டாது.”

எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னேன்.  டொமினிக்கின் முகம் விரிந்தது. “சொல்லாமலே செஞ்சிட்டீங்களே நார்மன். எனக்கு இது தோணவே இல்ல” என்று அவர் தோளைத் தொட்டான். கேமராவைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனான்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். க்ளோசப் எடுக்கும்போது ‘உங்கம்மா’ வந்தது, கை அசையவே இல்லை. மாதக்கணக்கில் ஆட்டிவைத்த கை, எல்லோரும் ஆடு ஆடு என்று காத்திருக்கும்போது சமர்த்துப் பிள்ளையாக மேசைமேல் படுத்திருந்தது. நார்மன் அதை முறைத்தார். மறுமுறையும் அப்படியே. கடைசியில் அவரே ஆட்டினார். தன் நோயைத் தானே நடித்துக் காட்ட வேண்டிய கதி வேறு யாருக்கு வந்திருக்கும்!

“ரொம்ப வேகம்” என்றேன். “பெருவிரல் முதல்ல. அப்புறந்தான் மத்த விரல்.”

“அப்படியா ஆடுது அது?”

“அப்படித்தான் ஆடிச்சு. நான் பாத்தேன்.”

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கடுத்த முறை அச்சு அசலாக வந்தது.

மத்தியானம் பஸ்ஸில் டொமினிக் தட்டோடு எங்களிடம் வந்து உட்கார்ந்தான். அப்பாவுக்கு இந்த நடுக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதுபவர்களிடம் பேசப் போகிறானாம். ஒவ்வொரு காட்சியிலும் செய்ய வேண்டியிருக்கும், சிரமமாக இருக்காதே என்று கேட்டான். இருக்காது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் நார்மன். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்கூட. அவர் கேட்கவில்லை. தொடைக்கடியிலிருந்து இடது கையை உருவி, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். கரண்டி கிணுகிணுக்க ஆரம்பித்தது. டொமினிக் கரண்டியைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

“அப்ப காலைல செஞ்சது?”

“க்ளோசப்ல பண்ணது நடிப்பு தம்பி. தூரத்துல எடுத்ததுல இருக்கறது நான்.”

 டொமினிக் அவித்த பட்டாணியை முள்கரண்டியால் தள்ளித் தள்ளி ஓரத்தில் சேர்த்தான். பிறகு, தயாரிப்பாளரிடம் நான் பேசுகிறேன், என்ன சொல்வார்கள் என்று தெரியாது, ஆனால் பேசுகிறேன் என்றான். எழுந்தவன் பாதிப் படியில் நின்று, “ரெண்டும் ஒட்டுது நார்மன். எது எதுன்னு எனக்கே தெரியல” என்று சொல்லிவிட்டு இறங்கினான். நார்மன் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. “போனா போகுது கிளெனிஸ்” என்றார். “ஒளிச்சு ஒளிச்சுத் தோளெல்லாம் ஒரே வலி.” காலையில் விட்டுவைத்ததற்கும் சேர்த்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் அன்றுதான் பசித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. காருக்காகத் தெருமுனையில் நின்றோம். நாயோடு வந்த ஒரு அம்மாள் எங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். எங்கள் வீட்டு பாய்லரைப் பழுது பார்க்க வந்தவர் நீங்கள்தானே என்று நார்மனைக் கேட்டாள். வழக்கமான பதிலுக்கு நான் காத்திருந்தேன்.

“ஆமாம்மா. பாய்லர் இப்ப எப்படி இருக்கு?”

அருமையாக ஓடுகிறதாம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நார்மன் குனிந்து, பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து நாயிடம் நீட்டினார்.

“கை இப்படி நடுங்குதே. குளிரா?”

“குளிரில்லம்மா. எனக்கு இப்ப இப்படித்தான்.”

நாய் அந்தக் கையை மோந்து பார்த்தது. பிறகு விரல் விரலாக நக்க ஆரம்பித்தது. கார் வந்து நின்று, டிரைவர் ஹாரனைத் தட்டினார். நார்மன் கையை எடுக்கவில்லை.