உச்சிமாகாளி ஆஜர்

சாரலில் நனைந்தபடி ரெபேக்காள் டீச்சர் வரப்பில் நின்றாள். கீழே சேற்றில் பேராச்சி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"நாளைக்கு டிப்டி இன்ஸ்பெக்டர் வாராரு, பேராச்சி. பிள்ளைக கொறஞ்சா பள்ளிக்கூடத்தை மூடிருவாவ. உன் மவளை அனுப்பு."

"உச்சிமாகாளி வந்துட்டா சின்னவனை யாரு வச்சிருப்பா?"

"அவனையும் தூக்கிட்டு வரட்டும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லுதியன்னு அனுப்புதேன்" என்றாள் பேராச்சி.

சீசன் வந்துவிட்டால் அந்தப் பள்ளிக்கூடம் பாதி காலி. பெரிய பிள்ளைகள் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய்க் கிண்ணம் பிடிக்கப் போய்விடும். மற்றவை நடவுக்காரிகளின் குழந்தைகளைச் சுமக்கும். புருஷனை இழந்த ரெபேக்காளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு கதி கிடையாது. வீடு வீடாகக் கெஞ்சிக் கெஞ்சி வெட்கமெல்லாம் மரத்துப்போயிருந்தது.

மறுநாள் பாய் நிறையப் பிள்ளைகள். உச்சிமாகாளி தம்பியை மடியில் கிடத்தி, தொடையை ஆட்டிக்கொண்டே பலகையில் எழுதினாள். டிப்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்ல அடக்கமான பிள்ளை ஐயா. தம்பியை அழவே விடமாட்டா. எதுத்து ஒரு பேச்சுக் கிடையாது."

வருகையும் ஒழுக்கமும் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டிப்டி. கிளம்பும்போது சொன்னார்: "சீசன் முடியிற வரைக்கும் குற்றாலத்துல பங்களா எடுத்திருக்கோம். எங்க குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லை. இவளை அனுப்பிடுங்க. ரிஜிஸ்தர்ல ஆஜர்னே போட்டுக்கலாம்."

"சரிங்க ஐயா" என்று சொன்னது தான்தானா என்று ரெபேக்காளுக்கே தெரியவில்லை. தம்பியை அவள் கையில் கொடுத்துவிட்டு, உச்சிமாகாளி டிப்டியின் வண்டியில் பின்பக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ரெபேக்காள் குழந்தையை வயலுக்குத் தூக்கிப்போய் விஷயத்தைச் சொன்னாள். பேராச்சி சேற்றுக்கையை முந்தியில் துடைத்து அவனை வாங்கிக்கொண்டாள். ஏசியிருந்தால் டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை.

விடிந்ததும் பேராச்சி பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

"நடவுக்குப் போவணும் டீச்சரம்மா."

சின்னவனைப் பாயில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவன் வீறிட்டான். வந்திருந்த நாலைந்து பிள்ளைகளும் டீச்சரைப் பார்த்தன. அவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்தாள்.

"உச்சிமாகாளி."

அழுகிற குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் ஆஜர் என்று எழுதினாள்.