பதில் சொல்கிறவள்

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் லமீஸ் என் தம்பியைப் பார்த்துக் கேட்டாள். ரமலானுக்கு முன்னாலிருந்தே என்றேன் நான். தூக்கம் எப்படி என்று அவனைக் கேட்டாள். பாதித் தூக்கத்தில் விழித்துக்கொண்டு நாடியைப் பிடித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான் என்றேன். பசி எப்படி என்றாள். கோழி வைத்தால் சாப்பிடுவான், பயறு வைத்தால் தொட மாட்டான் என்றேன். என் மடியில் கனமான கோப்பு ஒன்று இருந்தது. இதயப் படம் மூன்று, ரத்தப் பரிசோதனை ஐந்து, தைராய்டு ஒன்று என்று தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். ஃபவாஸ் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சரிதான் என்பதுபோல் தலையாட்டினான். அவனுக்கு முப்பத்தாறு வயது.

எங்கள் அம்மான் நகரத்தில் யாரும் டாக்டரிடம் தனியாகப் போவதில்லை. பல் பிடுங்கப் போனாலும் துணைக்கு இரண்டு பேர் போவார்கள். நோயாளி வாயைத் திறப்பது பல்லைக் காட்டுவதற்கு மட்டும்தான், மற்றதெல்லாம் கூட வந்தவர்களின் பொறுப்பு. நானும் அந்தப் பொறுப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன், அதுவும் நன்றாகவே. இருபது நிமிஷம் பொறுமையாகக் கேட்ட லமீஸ் பேனாவை மூடி வைத்தாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள்.

"நீங்க சொன்னதெல்லாம் ரொம்ப உதவியா இருக்குங்க, ஸமீஹா. இனி நான் ஃபவாஸோட தனியாப் பேசணும். நீங்க வெளியில இருக்கீங்களா?"

"அவன் பேச மாட்டானே" என்றேன்.

"பரவாயில்ல. பேசாம இருந்தாலும் சரி, அவரோடயே இருக்கேன்."

வெளியே வந்து உட்கார்ந்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருபத்தொன்பது வருஷமாக அவனுக்காக நான் பேசுகிறேன். 1990இல் போர் வந்து குவைத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது. இங்கே பள்ளியில் அவனை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். வளைகுடா வாடை அடித்த அவன் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது, வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அவன் வெளியாட்களிடம் வாயைத் திறப்பதில்லை. வாத்தியாரிடம் நான் பேசினேன். பிறகு கடைக்காரரிடம், கல்லூரியில், வேலைக்கு விண்ணப்பம் போட்ட இடத்தில் என்று எல்லா இடத்திலும் நானே பேசினேன். என்னைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஃபவாஸ் நிலைக்கு வரட்டும் என்றேன். வந்தவர்கள் அவரவர் வேறு இடத்தில் நிலைத்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஃபவாஸ் கட்டட வரைபடம் போடுகிறவன். அவன் கோடு போட்டால் மயிரிழை பிசகாது. இந்த வருஷம் ரமலானுக்கு முன்னால் அலுவலகத்தில் ஆள் குறைந்ததால், நகராட்சிக் குழுவின் முன்னால் நின்று ஒரு பள்ளிக்கூட வரைபடத்தை அவனையே விளக்கச் சொன்னார்கள். இரண்டு வாக்கியம் பேசினானாம். கை மரத்துவிட்டது, மூச்சு அடைத்தது, செத்தே போகிறோம் என்று நினைத்துவிட்டான். மருத்துவமனையில் இதயம் குதிரை மாதிரி திடமாக இருக்கிறது என்றார்கள். அதன் பிறகு லிஃப்டில் ஒரு முறை, மசூதியில் கூட்டத்தில் ஒரு முறை அதே கதை. மூன்றாவது முறை மருத்துவமனை டாக்டர் மருந்துச் சீட்டில் மருந்து எழுதாமல் லமீஸின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அக்கம்பக்கத்தில் முதுகுவலிக்குப் போகிறான் என்று சொல்லி வைத்தேன். பேச்சு வைத்தியம் என்றால் பைத்தியம் என்று முடிச்சுப் போட்டுவிடுவார்கள். எதிர்வீட்டு உம்மு ஜிஹாத் உடனே ஒரு தைலம் கொடுத்தனுப்பினாள். மறுவாரம் தேய்த்துவிட ஆளும் அனுப்பினாள். இல்லாத முதுகுவலிக்காக ஃபவாஸ் அரைமணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

ஒவ்வொரு செவ்வாயும் ஃபிளாஸ்கில் ஏலக்காய்க் காபியோடு வெளியே காத்திருப்பேன். முதல் இரண்டு வாரம் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒட்டுக் கேட்டேன் என்பதை மறைக்கவில்லை. மூன்றாம் வாரம் முணுமுணுப்பு கேட்டது. ஐந்தாம் வாரம் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன். பேசினோம் என்றான். என்ன பேசினீர்கள் என்றேன். அதுதான் அக்கா, பேசினோம் என்றான். வீடு வந்து சேரும்வரை எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷமாக எனக்குத் தெரியாத ஒன்று அவன் தலைக்குள் இருந்ததில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

லமீஸ் அவனிடம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஒரு பக்கம் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறான் என்பது, மறுபக்கம் உண்மையில் என்ன ஆனது என்பது. பயத்தை விரட்ட வேண்டாம், ஓடாமல் நின்று பார்த்தால் போதும் என்றாளாம். அவன் குளிக்கப் போயிருந்தபோது அதைப் படித்தேன். 'லிஃப்டில் மூச்சு நின்றுவிடும்' என்று ஒரு பக்கம். 'நிற்கவில்லை. மூன்றாம் மாடி அம்மாள் வெங்காயத்தோடு ஏறினாள். நல்ல காரம்' என்று மறுபக்கம். 'கடையில் நானே கேட்டால் என் பேச்சைப் பார்த்துச் சிரிப்பார்கள்.' எதிரே: 'சிரிக்கவில்லை. ஃபலாஃபலுக்கு ஊறுகாய் கூடுதலாக வைத்தான்.' நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சமையலறையில் போய் அழுதேன். சந்தோஷம்தான். முழுக்கச் சந்தோஷம் என்று சொன்னால் பொய்.

அந்த வெள்ளிக்கிழமை ஃபலாஃபல் என்கிற கடலை வடை விற்கும் கடையில் வழக்கம்போல முந்திரிக்கொட்டை மாதிரி நான் வாயைத் திறந்தேன். "அக்கா, நானே சொல்றேன்" என்றான். சொன்னான். மெதுவாகத்தான், ஆனால் கடைக்காரனின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். எனக்கு வேண்டியதையும் அவனே சொல்லிவிட்டான். எனக்கு எள் சட்னி பிடிக்காது என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. பணிவிடை செய்தே பழகியவளுக்கு, தனக்காக இன்னொருவன் கேட்டு வாங்கித் தருவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கூச்சமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மதியம் என் கைபேசி அடித்தது. அகபாவிலிருந்து பேசுவதாக ஒருவர் சொன்னார். ஃபவாஸின் நிறுவனத்துக்கு அங்கே புதுக் கிளை, அவர் அதன் பொறுப்பாளர், இன்ஜினியர் ரஃபீக். கோப்பில் ஃபவாஸின் எண் என்று என் எண்தான் இருந்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான்தானே. வரைபடப் பிரிவுக்குத் தலைமை தாங்க வருகிறேன் என்று ஃபவாஸ் எழுதிப் போட்டிருந்தானாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு தெரிய வேண்டுமாம், அவனிடம் பேசலாமா என்றார்.

அகபா நான்கு மணி நேரப் பயணம். அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அவனால வர முடியாதுங்க" என்றது என் வாய். "இதயத்துல கோளாறு. டாக்டர்கள் அலையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் பதறிப்போய், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார். கைபேசியை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. யோசித்துக்கூடச் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதுபோல அவனுக்காகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

நேராக அவன் அறைக்குப் போய் நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி இருந்தது. 'அகபாவைப் பற்றிச் சொன்னால் அக்கா உடைந்துபோவாள்.' எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது.

லமீஸுக்குத்தான் போன் செய்தேன். அவனுக்கு அகபா சரிப்படாது என்று நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஃபவாஸைப் பற்றி உங்களோடு பேச எனக்கு உரிமை இல்லை என்றாள். குரலில் கடுமை இல்லை. பிறகு, உங்களுக்காகப் பேச விரும்பினால் பக்கத்து அறையில் டாக்டர் நஜ்லா இருக்கிறார், சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு நேரம் காலியாக இருக்கிறது என்றாள். எனக்கென்ன நோய் என்று கேட்டேன். நோய் இருந்தால்தான் வர வேண்டும் என்றில்லை என்றாள்.

சனிக்கிழமை துணைக்கு ஆள் இல்லாமல், கோப்பு இல்லாமல் போனேன். நஜ்லாவுக்கு என் வயது இருக்கும். எப்படி இருக்கீங்க என்று கேட்டார். இறைவன் அருளால் நலம் என்றேன். அந்தக் கேள்விக்கு வேறு பதிலை நான் யார் வாயிலும் கேட்டதில்லை. அடுத்த மூச்சில் ஃபவாஸ் தூங்குவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஆரம்பித்தேன்.

"உங்க தம்பியை நான் பார்த்ததே இல்லீங்க" என்றார் நஜ்லா. "இந்த அறையில நீங்கதான் இருக்கீங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். எனக்காகப் பதில் சொல்ல யாராவது அங்கே இருக்க வேண்டும் என்று உடம்பு எதிர்பார்த்தது. நாற்காலி காலி. கேள்வி சின்னதுதான், ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை வியர்த்தது, காதுக்குள் அடித்துக்கொண்டது. இப்படித்தான் இருந்திருக்கிறது அவனுக்கு என்று அப்போது புரிந்தது. இவ்வளவு வருஷம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அது எனக்குத் தெரியவில்லை. நஜ்லா அவசரப்படுத்தவில்லை. மேஜையிலிருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அழுது முடித்து போன் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த 'முடியாது' வாயில் வந்த நொடியில் உங்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டார். அவன் அகபாவில் விழுந்து கிடப்பது என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். கண்ணுக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, அதில் ஒரே ஒரு தட்டு.

"அவனுக்கு நான் தேவையில்லன்னா, என்னை எதுல சேர்க்கறதுன்னு எனக்கே தெரியல" என்றேன். சொன்ன பிறகுதான் அதை நானும் கேட்டேன்.

நஜ்லா நாட்குறிப்பைத் திறந்தார். அடுத்த சனிக்கிழமையும் இதிலிருந்தே பேசலாமா என்றார். சரி என்றேன். படியிறங்கும்போது கால் லேசாக இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பசித்தது. வழியில் நின்று ஒரு வெண்ணெய் ரொட்டி வாங்கி, யாருக்கும் பங்கு வைக்காமல் தெருவிலேயே தின்றேன்.

மறுநாள் ஞாயிறு, இங்கே வாரத்தின் முதல் வேலைநாள். அலுவலகத்துக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த ஃபவாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைப் படித்ததையும் விடவில்லை. அவன் பொத்தானைப் போடுவதை நிறுத்தினான். என் தம்பி என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"என் வாயால நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா அது வேற அக்கா. அது என் பயம், நான் பாத்துக்குவேன். நீ யாரு அதச் சொல்ல? செத்துப்போன ஆளுக்குப் பேசற மாதிரியே எனக்குப் பேசறியே."

சுவர் அதிரக் கத்தினான். எதிர்வீட்டு உம்மு ஜிஹாதுக்கும் கேட்டிருக்கும். எனக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. அதோடு கூடவே, இவ்வளவு பெரிய குரலை இத்தனை வருஷம் இவன் எங்கே வைத்திருந்தான் என்ற வியப்பும் வந்தது. ஆமாம்டா, தப்புதான் என்றேன். அவன் கட்டிலில் உட்கார்ந்தான். விட்ட பொத்தானைப் போட்டபடி, நீ உடைஞ்சு போயிட்டியா என்று கேட்டான். கொஞ்சம் என்றேன். மறுபடி போய்ப் பேசப் போகிறேன், பக்கத்து அறையில் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். உம்மு ஜிஹாதிடம் என்ன சொல்லப் போகிறாய், உனக்கும் முதுகா என்றான். கோபத்துக்கு நடுவில் எப்படித்தான் அவனுக்குச் சிரிப்பு வந்ததோ.

என் கைபேசியிலிருந்து எண்ணை எடுத்துத் தன் கைபேசியில் போட்டான். கூடத்தில் ஜன்னலருகே நின்று அழைத்தான். நான் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தேன். மணி நான்கு முறை அடித்தது. இன்ஜினியர் ரஃபீக்கின் குரல் எனக்கும் கேட்கும் அளவுக்கு உரக்க வந்தது. இதயம் இப்போது எப்படி இருக்கிறது, எழுந்து நடமாடலாமா என்று அவர் கேட்டார்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றான் ஃபவாஸ். "அது வந்து, வேற ஒண்ணு..."

பேச்சு நின்றுவிட்டது. அவன் கழுத்தில் நரம்பு துடிப்பது இங்கிருந்து தெரிந்தது. அந்தப் பக்கம் அவர் ஹலோ ஹலோ என்றார். வயிற்றுவலி என்று சொல்லலாம், பழைய பரிசோதனையில் பிழை என்று சொல்லலாம், பத்துப் பதில் என் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. என்னையறியாமல் எழுந்தேன், வாயும் திறந்துவிட்டது.

ஃபவாஸ் திரும்பிப் பார்க்காமலே, கைபேசி இல்லாத கையை என் பக்கம் நீட்டி உள்ளங்கையைக் காட்டினான். விரல்கள் ஐந்தும் நடுங்கிக்கொண்டிருந்தன. கையை அவன் இறக்கவில்லை.