இடப்பக்கத்துச் சக்கரங்கள்

பரீட்சை என்றாலே கன்னியப்பனுக்கு ஆகாது. தாம்பரம் ரயில் ஷெட்டில் பதினாலு வருஷமாக நீராவி எஞ்சின் துடைக்கிறான். எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஆகப் பார்த்து இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இது கடைசி, இதற்கு மேல் வயசு விடாது. இருப்பதோ ஒரே இடம். போட்டிக்கு நிற்பது அவனும் கூட்டாளி அப்பாவுவும். இருவரும் மணிமங்கலத்திலிருந்து ஒன்றாகச் சைக்கிள் மிதித்து வருகிறவர்கள். எஞ்சினையும் பங்கு போட்டுத்தான் துடைப்பார்கள்: இடப்பக்கம் கன்னியப்பன், வலப்பக்கம் அப்பாவு.

"ஒய்.பி. எஞ்சின் என்ன வகை? சக்கரம் எத்தனை?" என்றார் அதிகாரி.

"பாசஞ்சர் எஞ்சின் சார். முன்னால ரெண்டு, நடுவுல மூணு, பின்னால ஒண்ணு."

"நாலு, ஆறு, ரெண்டுய்யா! பாதியை எங்கே விட்டே?"

"அந்தாண்ட பக்கம் அப்பாவு தொடைக்கறது சார்."

அதிகாரி சிரிக்கக்கூட இல்லை. காலையிலிருந்து மற்ற வேலைகளுக்கு வந்தவர்களையும் கேள்வி கேட்டு அலுத்துப்போன மனுஷர். "ரெண்டு பக்கமும் சேர்த்து எண்ணணும். வெளியே போய் யோசிச்சிட்டு வா, அடுத்து ஒய்.ஜி. எஞ்சினைக் கேட்பேன். அடுத்த ஆளை அனுப்பு."

வாசலில் அப்பாவு நின்றிருந்தான். "இன்னாபா கேட்டாரு?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. கூடவே, இன்னும் இருபது வருஷம் எண்ணெய்த் துணியோடு சக்கரத்தடியில் குந்திக் கிடக்கும் நினைப்பும் வந்தது. பாழாய்ப்போன நினைப்பு.

"சக்கரம் எண்ணச் சொன்னாரு."

"அவ்ளோதானா? கண்ண மூடிக்கினு சொல்வேன்!"

இரண்டே நிமிஷத்தில் அப்பாவு தொங்கிய முகத்தோடு வெளியே வந்தான். கன்னியப்பன் உள்ளே போய், "கூட்ஸ் எஞ்சின் சார். ரெண்டு, எட்டு, ரெண்டு" என்றான். வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பாவு வஞ்சகமில்லாமல் கேட்டான்: "நானு என் பக்கத்த மட்டும் எண்ணிச் சொன்னேன், தப்பு, போன்னுட்டாரு. ஒனக்கு எப்டிபா தெரிஞ்சுது?"

பொய் சொல்லக்கூடக் கன்னியப்பனுக்குத் தெம்பில்லை. "மொதல்ல நானும் அப்டிதான் சொன்னேன். அவரு திருத்துனாரு. அதுக்கப்புறந்தான் ஒன்ன உள்ள அனுப்ச்சேன்."

அப்பாவு சைக்கிளை ஓரங்கட்டி இறங்கினான்.

"நீ போபா. நான் அப்புறமா வரேன்."