புறங்கை

ஜன்னலின் அடியிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தான். ஒரு முனை உள்ளே போனால் மறுமுனை வெளியே வந்தது. கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது. விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கத் தொடங்கிய காற்று ஒன்பது மணிக்குள் சூடேறியிருந்தது. பனிக்காலம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மரங்கள் துளிர்க்கவில்லை. போன வருடத்துப் புல் காகிதமாகக் காய்ந்து சரசரத்தது. முகட்டுக்கு மேலே ஒரு புகை சாய்ந்து நின்றது.

"கைய வச்சுப் பாத்தீங்களா மாப்ள?"

காலையிலிருந்து மாமனார் கட்டிலிலிருந்து இதைக் கேட்பது மூன்றாவது தடவை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது.

"பாத்தேன் மாமா."

"புறங்கையா?"

"புறங்கைதான்."

அது பொய். அவன் திரும்பாமலேயே சொன்னான்.

மாமனார் முப்பது வருடம் காட்டுத்தீ அணைக்கும் படையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும், வருடாவருடம் காற்றுக்காலம் தொடங்குமுன், அனுமதி வாங்கி, காற்றில்லாத ஒரு நாளில் வீட்டுக்குப் பின்னால் பத்தடி அகலத்துக்குப் புல்லைத் தானே எரித்துவிடுவார். மலைத்தீ இறங்கி வந்தால் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்கக் கூடாது. எரித்து, தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அவருடைய வேலை ஆரம்பிக்கும். குனிந்து, அங்குலம் அங்குலமாகச் சாம்பலில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குச் சூடு தெரியாது என்பார். படையில் அவருக்குச் சாம்பக்கை என்றே பெயர்.

இந்த வருடம் நுரையீரல் அவரைக் கட்டிலில் போட்டுவிட்டது. முந்தாநாள் மருமகன் எரித்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற கை அவனுடையது. ஆனாலும் அவர் செய்தபடியே செய்தான். ஒரு முனையிலிருந்து சாம்பலைத் தொட்டுக்கொண்டே போனான். வேலியோரம் கிடந்த பழைய அடிமரம் ஒன்றுதான் பாக்கி. அப்போது மனைவி கத்தினாள். அப்பாவுக்கு மூச்சடைத்துவிட்டது. கையிலிருந்த சிவப்பு வாளியை வீசியெறிந்துவிட்டு ஓடினான். பிறகு செவிலி வந்தாள், ஊசி போட்டாள், போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் ரெண்டு மூணு நாள்தாங்க. எங்கேயும் தூக்கிட்டு ஓடாதீங்க. வண்டியில ஏத்தினா தெருமுனை தாண்ட மாட்டாரு."

அடிமரம் இன்று காலைதான், அந்தப் புகையைப் பார்த்த பிறகுதான், அவன் நினைவுக்கு வந்தது. அதிலிருந்துதான் ஒரு பொறி முகட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

கைபேசியில் முதல் செய்தி வந்துவிட்டது: தயாராக இருங்கள். அடுத்தது வந்தால் 'உடனே வெளியேறுங்கள்' என்று வரும். மனைவி ஒரு பையில் துணியும் மருந்தும் அடைத்து வாசல் கதவருகே வைத்திருந்தாள். வைத்த பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவளுடைய அப்பா கேட்டதெல்லாம் ஒன்றுதான். இந்தக் கட்டிலில், மலை தெரிகிற இந்த அறையில் போக வேண்டும். தான் தொடாமல் விட்ட ஒரு மரக்கட்டையால் அவர் குலுங்குகிற வண்டியில், முகத்தில் குழாயோடு, யாரோ ஒருவரின் கையில் போகப்போகிறார் என்று நினைத்தபடியே துண்டை இன்னும் அழுத்தித் திணித்தான்.

"ஏங்க, ஜன்னலோட என்ன மல்லுக்கட்டு? வந்து உக்காருங்க."

"புகை வருது."

"வரட்டும். அப்பா குடிக்காத புகையா?"

கிழவர் உதட்டோரம் அசைந்தது. "ஊருக்கெல்லாம்... கண்ணு குடுக்கிறாரு," என்றார் மகளிடம். மிச்சத்தைச் சொல்ல மூச்சு போதவில்லை. தேவையும் இல்லை. கல்யாணத்திலிருந்து இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிற பாட்டு அது: ஊருக்கெல்லாம் கண்ணு குடுக்கிறாரு, தன் மூக்குக்கு நேரா இருக்கிறது மட்டும் தெரியாது.

போய் அந்த அடிமரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் கட்டில் ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. போனால் அவருக்குத் தெரிந்துவிடும். சாகப்போகிறவரிடம் மூன்று முறை சொன்ன பொய்யை அவர் கண்ணெதிரிலேயே உடைப்பதற்கு அவனுக்குக் கால் வரவில்லை.

பதினொரு மணிக்குப் புகை இன்னும் தடித்தது. மனைவி வெந்நீர் எடுக்கப் போனாள். அறையில் அவர்கள் இருவர் மட்டும். அவருடைய மூச்சு போய், நின்று, யோசித்து, திரும்ப வந்தது.

"மாமா," என்றான். "அந்த வேலியோரத்துக் கட்டை..."

அவர் ஒரு விரலைத் தூக்கினார். அவன் நிறுத்தினான்.

"காத்து எங்கேருந்து வருது?"

"மலையிலேருந்து மாமா."

"நேத்து?"

"நேத்து காத்தே இல்லையே."

"முந்தாநாள்?"

"இல்ல. காத்து இல்லாத நாளாப் பாத்துத்தானே எரிச்சோம்."

"அப்புறம் என்ன," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நினைவு தடுமாறுகிறது என்று எண்ணிக்கொண்டான். கடைசியில் அப்படி இருக்கும் என்று செவிலி சொல்லியிருந்தாள். மனைவி வந்து நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டாள். பிறகு அவர் பேசவில்லை. பன்னிரண்டரைக்கு ஒரு மூச்சு போனது. இருவரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது.

"வண்டி வரல," என்றாள் மனைவி, கொஞ்ச நேரம் கழித்து. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஏத்தல. இறக்கல. அவர் கட்டில்லயே போயிட்டாருங்க."

எழுந்து போய் வாசலிலிருந்த பையை எடுத்து வந்தாள். மருந்துகளை மேசையில் வைத்தாள். துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். பிறகு அப்பாவின் காலடியில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தாள். அவளுடைய தோள் மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கீழே இறங்கியிருப்பதை அவன் பார்த்தான்.

இரண்டு மணிக்குத் தீயணைப்புப் படையின் ஜீப் வந்தது. இறங்கியவள் மாமனாரிடம் வேலை பழகி இப்போது தலைவியாக இருப்பவள். முகமெல்லாம் கரி. உள்ளே வந்து கட்டிலைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"யாரும் கிளம்ப வேணாம்," என்றாள் வெளியே வந்து. "முகட்டுலயே மறிச்சிட்டோம். விடிகாலையில காத்து எடுத்ததுமே, மலைக்கு அந்தப் பக்கம் கரண்டு கம்பிமேல மரம் சாஞ்சிடுச்சு. அதுல பத்தினது."

அவன் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"இங்கேருந்து... நாங்க முந்தாநாள் புல் எரிச்சோம். அதுலேருந்து ஒரு பொறி மேல போயிருக்குமோன்னு..."

அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள். "காத்து மலையிலேருந்து கீழ வருது. பொறி எதிர்க்காத்துல எப்படிங்க மேல ஏறும்? போனா கீழ ஊருக்குத்தான் போகும்." பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாம்பக்கை ஐயாகிட்ட இதைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு தெரியுமா?"

"சொல்லிட்டாரு," என்றான்.

ஜீப் போன பிறகு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தான். அன்று வீசியெறிந்த சிவப்பு வாளி வேலிக்கம்பியில் சிக்கி, அடிமரத்தின் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தான். நேர் எதிரே அந்த ஜன்னல். கட்டிலின் தலைமாடு தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நாளாக அங்கிருந்து இந்த வாளியும் இதே தெளிவோடுதான் தெரிந்திருக்கும்.

மண்டியிட்டு அடிமரத்தின் சாம்பலில் புறங்கையை வைத்தான். குளிர்ந்திருந்தது. பொந்துக்குள் கையை விட்டான். ஒரு சாண் ஆழத்தில் சூடு இருந்தது. ஒரு பூனையின் வயிற்றுச் சூடு.

காற்று முதுகைத் தள்ளியது. கீழே ஊரின் கூரைகள் வெயிலில் கிடந்தன.

குழாயடிக்குப் போய் வாளியை நிரப்பி வந்தான். ஊற்றினான். குச்சியால் கிளறினான். மறுபடி ஊற்றினான். பொந்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்து கலைந்தது. காத்திருந்து, கையை விட்டுப் பார்த்தான். மறுபடி ஒரு வாளி. நான்காவது வாளிக்குப் பிறகு உள்ளே ஈரமும் குளிர்ச்சியும் மட்டும் இருந்தன. எண்ணுவதுபோல நிதானமாக, சுற்றிலும் எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தான்.

ஜன்னலில் மனைவி ஈரத் துண்டை உருவிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தாள். திரைச்சீலை அறைக்குள் எழும்பிப் பறந்தது.

அவன் எழுந்து நின்று, சாம்பல் அப்பிய கையை உயர்த்தி, புறங்கை ஜன்னல் பக்கம் தெரியும்படித் திருப்பிக் காட்டினான்.